பிரெய்டையும் லீடரையும் இணைக்க எந்த முடிச்சு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டில் ரீலில் பிரெய்டு, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிய லைன்; நுனியில் ஒரு துண்டு லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டுகிற ஒற்றை நரம்பு. லூர் (செயற்கை இரை) வீசுகிறவர்கள் பலர் இப்படித்தான் மீன் பிடிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஓர் அங்குல முடிச்சைப் பற்றித்தான் கேள்விகள் ஓயாமல் வருகின்றன. எனக்குப் பழக்கமான முடிச்சுகளை வைத்தும், அறுந்து போன மீன்களை வைத்தும் பதில் எழுதியிருக்கிறேன்.

பிரெய்டிலேயே நேராக முள்ளைக் கட்டிவிட்டால் என்ன? லீடர் எதற்கு?

கட்டலாம். பாசியும் செடியும் மண்டிய கலங்கல் தண்ணீரில் தவளை லூர் இழுக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே லீடர் முடிச்சு போட்டால் அது செடியில் சிக்குவதுதான் மிச்சம்.

மற்ற இடங்களில் லீடர் வேண்டும். பிரெய்டு இழுவைக்குப் பலசாலி, உரசலுக்குச் சோப்ளாங்கி. விறைப்பாக இருக்கும்போது பாறை விளிம்போ சிப்பியோ மீனின் செவுள் மூடியோ பட்டால் போதும், மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக விட்டுவிடும். அது துவண்டு கிடக்கும் என்பதால் வீசும்போது லூரின் மும்முனை முள்ளில் சுற்றிக்கொள்ளவும் செய்யும். தெளிந்த தண்ணீரில் பிரெய்டு மீனின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்பது இன்னொரு தொல்லை.

மோனோவில் நன்றாகப் பிடிக்கிற முடிச்சு, பிரெய்டில் ஏன் நழுவுகிறது?

பொருள் வேறு. மோனோ, அதாவது தங்கூசி நரம்பு, நைலான். இறுக்கினால் கொஞ்சம் நசுங்கி, தன்னைத் தானே கவ்விக்கொள்ளும். பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளின் பின்னல். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று உறைகளில் போட்டிருப்பதெல்லாம் இந்த வகை இழைதான். இதன் மேற்பரப்பில் உராய்வு மிகக் குறைவு. மெழுகு தடவியது போல வழுக்கும். ஸ்பூலில் (ரீலின் உருளையில்) நேராகச் சுற்றிவிட்டால் மொத்த லைனும் ஸ்பூலின் மேலேயே சுழல்கிறதே, அதே வழுக்கல்தான். அதனால்தான் அடியில் கொஞ்சம் மோனோ சுற்றுகிறோம், அல்லது ஒரு துண்டு டேப் ஒட்டுகிறோம்.

ஆக, பிரெய்டு முடிச்சில் பிடிமானம் சுற்றுகளின் எண்ணிக்கையிலிருந்துதான் வர வேண்டும். மோனோவுக்கு நாலைந்து சுற்று போதும் என்றால், பிரெய்டுக்கு ஏழெட்டு. அதிலும் எட்டு இழைப் பின்னல், நாலு இழைப் பின்னலைவிட வழவழப்பு. வீசும்போது அது இன்பம், முடிச்சு போடும்போது துன்பம்.

இத்தனை முடிச்சுகள் இருக்கின்றனவே, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

‘எது பலமானது’ என்று ஆரம்பித்தால் குழப்பம்தான். நான் முதலில் பார்ப்பது, முடிச்சு ராடின் (தூண்டில் கோலின்) வளையங்களுக்குள் போய் வருமா என்பதை. லீடர் ஒரு முழம்தான், முடிச்சு எப்போதும் ராடின் நுனிக்கு வெளியே தொங்கும் என்றால் முடிச்சின் பருமனைப் பற்றிக் கவலையே வேண்டாம். லீடர் நீளமாக இருந்து முடிச்சு ரீல் வரை வந்துபோகும் என்றால் ஒல்லியான முடிச்சு வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வீச்சிலும் வளையங்களில் டொக் டொக்கென்று தட்டும், தூரம் குறையும்.

அடுத்தது இரண்டுக்கும் உள்ள பருமன் வித்தியாசம். பி.இ. 1 என்று பருமன் எண் குறிக்கப்பட்ட பிரெய்டு சுமார் 0.165 மி.மீ. பருமன், பி.இ. 2 சுமார் 0.235 மி.மீ. அதோடு இணைக்கிற லீடர் 0.3-ஆகவும் இருக்கலாம், 0.6-ஆகவும் இருக்கலாம். வித்தியாசம் குறைவாக இருந்தால் கிட்டத்தட்ட எந்த முடிச்சும் ஓடும். கூடக் கூட, இரண்டு லைனையும் ஒன்றோடொன்று முடிகிற வகைகள் தடுமாற ஆரம்பிக்கும். லீடரின் மேல் பிரெய்டைச் சுற்றுகிற வகைகள் கை கொடுக்கும்.

அப்புறம் எங்கே உட்கார்ந்து கட்டப் போகிறீர்கள் என்பது. வீட்டில் மேசை விளக்குக்குக் கீழேயா, ஆடுகிற படகில் காற்றடிக்கும்போதா? என் கணக்கில் இதுதான் முக்கியம். ஒழுங்காக இறுக்கிய சுமாரான முடிச்சு, அரைகுறையாகக் கட்டிய உயர்ந்த முடிச்சை எந்த நாளும் ஜெயிக்கும். அதனால் இரண்டு முடிச்சு கற்றுக்கொண்டால் போதும்: வீட்டில் கட்ட எஃப்.ஜி., கரையில் கட்ட அல்பெர்டோ அல்லது டபுள் யூனி. இவற்றைக் கட்டும் முறை கீழே.

எஃப்.ஜி. முடிச்சை எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு உயர்ந்ததா?

ஆமாம், சரியாக விழுந்தால்.

மற்ற முடிச்சுகளில் லீடரும் வளையும், மடங்கும். எஃப்.ஜி.யில் லீடர் நேர்க்குச்சியாகவே நிற்கிறது. பிரெய்டு அதன் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் குறுக்கிட்டுப் போகிறது, சடை பின்னுவது போல. இழுக்க இழுக்க இந்தப் பின்னல் நீண்டு ஒடுங்கி, லீடரின் தோலைக் கவ்விப் பிடிக்கிறது. பாரம் ஓரிடத்தில் விழாமல் பின்னலின் நீளம் முழுக்கப் பரவுகிறது. லீடர் மடங்காததால் முடிச்சு ஒல்லி. லீடரின் பருமனைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

கட்டும் முறை சுருக்கமாக: மெயின் லைனை, அதாவது ரீலிலிருந்து வரும் பிரெய்டை, விறைப்பாக நிறுத்த வேண்டும். சிலர் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள், சிலர் ராடைச் சாய்த்து நுனியிலிருந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். லீடரை அதன் மேல் வைத்து, பிரெய்டை ஒருமுறை ஒரு பக்கமிருந்தும் அடுத்தமுறை எதிர்ப்பக்கமிருந்தும் குறுக்கே போட்டுக்கொண்டே வர வேண்டும். மொத்தம் 20 சுற்று என்பது பொதுவான கணக்கு. லீடர் தடிமனாகும்போது சிலவற்றைக் குறைக்கலாம். பின்னல் முடிந்ததும் பிரெய்டின் வாலால் (மிச்ச நுனியால்) லீடர் வாலையும் மெயின் லைனையும் சேர்த்து ஓர் அரைமுடிச்சு. இப்போது நனைத்து, முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். அதன்பின் அதே இடத்தில் இன்னும் சில அரைமுடிச்சுகள், இடவலமாக மாற்றி மாற்றி. லீடர் வாலை ஒட்ட வெட்டிவிட்டு, மெயின் லைனின் மேல் மட்டும் நாலைந்து அரைமுடிச்சு. கடைசியாக இரண்டு மூன்று சுற்றுள்ள ஒரு பூட்டு.

அந்தக் கடைசி அரைமுடிச்சுகள் அலங்காரத்துக்கு அல்ல. வெட்டிய லீடர் வால் ரீலைப் பார்த்து நிற்கும். வீசும்போது அது பின்னால் வருவதால் தொல்லை இல்லை. ஆனால் லைனைச் சுற்றி எடுக்கும்போது அதுதான் முதலில் ராடின் நுனி வளையத்தில் போய் முட்டும். அரைமுடிச்சுகள் அதற்கு முன்னால் ஒரு சரிவுபோல அமைந்து, வளையத்துக்குள் வழுக்கிவிடுகின்றன.

என் எஃப்.ஜி. நழுவிக்கொண்டே இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பத்தில் எட்டு பேருக்கு இறுக்கம்தான் காரணம் என்பது என் அனுபவம். அந்த முதல் அரைமுடிச்சுக்குப் பிறகு இழுக்கிற இழுப்பு போதவில்லை. சரியாக இறுகினால் பின்னலின் நிறம் மாறும்: வெளிர் நிற பிரெய்டு கருத்து, ஈரத்துணி போலத் தெரியும். நகத்தால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது முடிச்சு அல்ல, சும்மா சுற்றி வைத்த நூல். வெறும் கையால் இழுத்தால் பிரெய்டு விரலை அறுத்துவிடும். கையுறை போடுங்கள், அல்லது ஒரு குச்சியில் நாலைந்து முறை சுற்றி இழுங்கள்.

இரண்டாவது, பாதியில் விறைப்பு தளர்வது. தும்மினாலும் போச்சு, யாராவது கூப்பிட்டுத் திரும்பினாலும் போச்சு. தளர்ந்த இடத்தில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதைச் சரிசெய்யப் பார்க்காமல் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

மூன்றாவது, ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போவது. அது பின்னல் ஆகாது, ஸ்பிரிங் ஆகிவிடும். இழுத்தால் உருவிக்கொண்டு வரும். சந்தேகம் இருந்தால் முதலில் பெரிதாகப் பழகுங்கள். சார்ஜர் ஒயரை லீடராகவும் ஷூ லேஸை பிரெய்டாகவும் வைத்துக் கட்டிப் பார்த்தால் குறுக்குப் பின்னல் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்று: லீடர் பிரெய்டின் அளவுக்கே மெலிதாக இருந்தால் எஃப்.ஜி. சண்டித்தனம் செய்யும். பின்னலுக்குள் நேராக நிற்கும் விறைப்பு லீடருக்கு வேண்டும். மெல்லியதோடு மெல்லியது என்றால் டபுள் யூனிக்கே போய்விடுங்கள்.

கரையில் அறுந்துவிட்டது, மீன் கண் முன்னால் துள்ளுகிறது. சீக்கிரம் கட்ட எது?

இரண்டில் ஒன்று.

டபுள் யூனி: இரண்டு லைனையும் எதிரெதிராகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் யூனி முடிச்சாக (ஒரு வளையம் போட்டு, நுனியை அதற்குள் பலமுறை சுற்றி எடுப்பது) கட்டி, இரண்டு முடிச்சும் முட்டும்வரை இழுப்பது. லீடர் பக்கம் 4 அல்லது 5 சுற்று, பிரெய்டு பக்கம் 6 முதல் 8. மெல்லிய பிரெய்டு என்றால் அதை இரட்டையாக மடித்துக் கட்டுவது நல்லது. யூனி தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லை என்பது இதன் பெரிய லாபம். நஷ்டம், குட்டையாகக் குண்டாக இருக்கும். தடித்த லீடரில் அந்தக் குண்டு இன்னும் பெருக்கும்.

அல்பெர்டோ: லீடரை ஒரு வளையமாக மடித்து, பிரெய்டை அதற்குள் விட்டு, மடிப்பின் மேல் 7 சுற்று ஏற்றி, அதே சுற்றுகளின் மேலேயே 7 சுற்று இறக்கி, மறுபடி வளையம் வழியாக வெளியே எடுப்பது. ஜிம்மி ஆல்பிரைட் என்ற ஃபுளோரிடா கீஸ் வழிகாட்டியின் பெயரில் உள்ள ஆல்பிரைட் முடிச்சைத் திருத்தி வந்தது இது. இந்தத் திருத்தத்துக்கு அமெரிக்கத் தூண்டில்காரர் அல்பெர்டோ நீயின் பெயர் ஒட்டிக்கொண்டது. டபுள் யூனியைவிட ஒல்லி, எஃப்.ஜி.யைவிட எளிது.

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பிரெய்டு வளையத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைந்ததோ, அதே பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். எதிர்ப்பக்கம் வந்தால் இறுக்கும்போது சுற்றுகள் கோணிக்கொண்டு போகும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், பெரிய மீன் இழுக்கும்வரை.

எனக்கு எது பிடிக்கும் என்றால் அல்பெர்டோ. விரல் விறைத்துப்போன குளிரில் மட்டும் டபுள் யூனி.

இருட்டில்?

சர்ஜன் முடிச்சு. இரண்டு லைனையும் சேர்த்து ஒரு சாதாரண வளையம் போட்டு, லீடரையும் பிரெய்டு நுனியையும் அதற்குள் மூன்று முறை விட்டு எடுத்து, நாலு முனைகளையும் சேர்த்து இழுப்பது. கண்ணே வேண்டாம், கை போதும். லீடர் முழுவதும் வளையத்துக்குள் போக வேண்டும் என்பதால் குட்டை லீடருக்கே இது வசதி. பலம் சுமார், பருமன் அதிகம். ஆனாலும் அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் மீன் பிடிக்கலாம்.

பெரிய மீன்களுக்கு பி.ஆர்., பிமினி என்கிறார்களே?

பி.ஆர். முடிச்சில் பாபின் என்ற சிறு கருவியைச் சுழற்றி, பிரெய்டை லீடரின் மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். கனத்த ஜிக்கிங் (ஆழத்தில் உலோக லூரை மேலும் கீழும் ஆட்டிப் பிடிப்பது) செய்கிறவர்களுக்குப் பிரியமானது. கருவி சுழல்வதே இறுக்கத்தைச் சீராகக் கொடுப்பதால் கை வேறுபாடு குறைவு. ஆனால் கருவியும் இடமும் பொறுமையும் வேண்டும். பிமினி டுவிஸ்ட் என்பது இணைப்பு முடிச்சே அல்ல. பிரெய்டின் நுனியில் இரட்டை லைன் வளையம் ஒன்றை உண்டாக்குவது. அந்த இரட்டை லைனை பிரிஸ்டல், ஸ்லிம் பியூட்டி போன்ற வேறொரு முடிச்சால் லீடரோடு சேர்க்க வேண்டும். சாதாரணமாகக் கரையிலிருந்து வீசுகிறவருக்கு இரண்டும் தேவைப்படாது.

லீடர் ஃப்ளூரோகார்பனா, மோனோவா என்பது முடிச்சை மாற்றுமா?

முடிச்சை மாற்றாது, இறுக்குகிற விதத்தை மாற்றும். ஃப்ளூரோகார்பன் இன்னொரு வகை ஒற்றை நரம்பு. அது கடினம், தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். அந்தக் கடினத் தோலில் பிரெய்டு பதிய இன்னும் பலமாக இழுக்க வேண்டும். உலர்ந்தபடி வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது வெளிறிச் சுருங்கும். அந்த இடம் பிற்பாடு பொட்டென்று போகும். எச்சிலோ தண்ணீரோ, நனைத்துவிட்டு மெதுவாக இழுங்கள். மோனோ மென்மையானது, மன்னிக்கிற குணமுள்ளது. முடிச்சு பழகுகிறவர் மோனோவில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

முடிச்சுக்குப் பதிலாக ஒரு சுழலி, அதாவது ஸ்விவல், வைத்தால்?

குட்டை லீடருக்கு நல்ல வழிதான். லைன் முறுக்கிக்கொள்வதும் குறையும். ஆனால் அதை வளையத்துக்குள் சுற்றி இழுத்துவிடாதீர்கள். நுனி வளையத்தின் பீங்கான் உள்வளையம் விரிசல் விட்டால், அதற்குப் பிறகு எந்த முடிச்சும் உங்களைக் காப்பாற்றாது.

சூப்பர் குளூ ஒரு சொட்டு விடலாமா? லைட்டரால் நுனியைச் சுடலாமா?

பசை பாலிஎத்திலீனில் அவ்வளவாக ஒட்டாது. முடிச்சின் வெளிப்புறத்தில் ஓர் ஓடுபோல நின்று, அரைமுடிச்சுகள் அவிழாமல் பார்த்துக்கொள்ளும். நழுவுகிற முடிச்சை நழுவாத முடிச்சாக மாற்றும் சக்தி அதற்குக் கிடையாது.

லைட்டர் விஷயத்தில் எனக்கு பயம். பிரெய்டு இழை சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்; தீபச் சுடரின் பக்கத்தில் போனாலே ஆயிற்று. லீடர் வாலைச் சுட்டுச் சிறு உருண்டையாக்கும்போது அருகிலுள்ள பிரெய்டு சுருங்கினால் கண்ணுக்கே தெரியாது. நல்ல கத்தரிக்கோல் வாங்குங்கள்.

அறுந்துவிட்டது. முடிச்சு தப்பா, வேறு காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லைனைச் சுருட்டி எறிவதற்கு முன் நுனியைப் பாருங்கள். எந்த வலிமைப் பட்டியலும் சொல்லாததை அது சொல்லும். நான் ஒரு பருவம் முழுக்க முடிச்சை மாற்றி மாற்றிக் கட்டி மீன்களை இழந்திருக்கிறேன், நுனியைப் பார்க்காமல். கடைசியில் குற்றவாளி என் ராடின் நுனி வளையம்.

லீடரின் நுனி பன்றி வால்போலச் சுருண்டு வந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, அறுந்ததே இல்லை. யூனியிலும் அல்பெர்டோவிலும் இதைப் பார்க்கலாம். பிரெய்டு நுனி முழுசாக, நெளிநெளியாக, சில இடங்களில் அரைமுடிச்சு மிச்சத்தோடு வந்தால் எஃப்.ஜி. உருவிக்கொண்டது, இறுக்கம் போதவில்லை.

பிரெய்டு நுனி பஞ்சுபோலக் கலைந்து, அதற்கு மேலும் ஒரு சாண் நீளத்துக்கு மயிர் சிலிர்த்திருந்தால் உரசல். பாறையோ, படகின் அடியோ. முடிச்சைக் குறை சொல்லாதீர்கள், லீடரை நீட்டுங்கள்.

பிரெய்டு சுத்தமாக, கத்தியால் வெட்டியது போல முடிச்சை ஒட்டி அறுந்தால், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி தன்னைத் தானே வெட்டியிருக்கலாம். முடிச்சிலிருந்து தள்ளி, அதுவும் வீசும்போதே அறுந்தால், வளையத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டிக்கொள்கிற இடத்தில் விரிசல் இருக்கிறது.

லீடர் நடுவில் சொரசொரப்பாக வெளிறி அறுந்தால் பல் அல்லது பாறை. லீடர் தன் கடமையைச் செய்துவிட்டு அறுந்த மாதிரிதான். மெயின் லைனைவிட லீடரைச் சற்றுப் பலம் குறைவாகப் போட்டால் எப்போதும் அறுவது அந்தப் பக்கமே இருக்கும்; நூறு மீட்டர் பிரெய்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. பற்களும் பாறைகளும் நிறைந்த இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே தடித்த லீடர்தான்.

கட்டிய முடிச்சை எப்படிச் சோதிப்பது?

இரு பக்கமும் துணி சுற்றி, சீராக இழுங்கள். பிறகு ஒரு வெடுக். மீன் சீராக மட்டும் இழுப்பதில்லை. கைத்தராசு இருந்தால் உங்கள் டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் லைனை விட்டுக்கொடுக்கிற இழுப்பு) அளவைப்போல இரு மடங்கு வரை இழுத்துப் பார்க்கலாம். சோதனையில் அறுந்தால் எரிச்சல் வரும்தான். ஆனால் மீனோடு அறுவதைவிட இது மலிவு.

இந்த முடிச்சு 95 சதவீதம், அந்த முடிச்சு 80 சதவீதம் என்கிற பட்டியல்களை நம்பலாமா?

அந்த லைனில், அந்தப் பருமனில், அந்தக் கை கட்டியபோது வந்த எண் அது. பிரெய்டு மாறினால் வரிசையே மாறும். தவிர, நாம் டிராக்கை லைன் பலத்தின் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கில்தான் வைக்கிறோம். அந்த இழுப்பில் 80-உம் 95-உம் ஒன்றுதான். அவிழ்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

லீடர் எவ்வளவு நீளம்?

முடிச்சு வெளியே தொங்க வேண்டுமானால் ஒரு முழம் முதல் ஒரு மீட்டர். மீனைக் கரைக்கு இழுக்கும்போது லீடரைப் பிடித்துத் தூக்க வேண்டும், பாறை உரசலும் உண்டு என்றால் ராடின் நீளமோ அதற்கு மேலுமோ. அப்போது முடிச்சு வளையத்துக்குள் வரும், எஃப்.ஜி. கட்டாயம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மறுபடி கட்ட வேண்டும்?

நாள் கணக்கு கிடையாது. பெரிய மீனுக்குப் பிறகு, எங்காவது சிக்கி இழுத்து எடுத்த பிறகு, முடிச்சையும் அதற்கு மேலுள்ள ஒரு மீட்டரையும் விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினாலோ, அரைமுடிச்சுகளின் வால் முன்பைவிட நீண்டிருந்தாலோ, வெட்டிவிட்டுக் கட்டுங்கள். இப்படி வெட்டி வெட்டி ரீலில் பிரெய்டு குறைந்து, மேல் பாதி வெளுத்துப் போனால் மொத்தத்தையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேறொரு ஸ்பூலுக்கு மாற்றி, தலைகீழாகச் சுற்றுங்கள். அடியில் கிடந்த பாதி இன்னும் புதுசாகவே இருக்கும்.